மூன்றாம் பாகத்தில் பயத்தைத் தொலைத்த பேய்

பொந்தியானாக் மலாய்க் கம்பங்களின் இரத்தக்காட்டேரி. பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண், வெள்ளை உடுப்பும் அவிழ்ந்த கூந்தலுமாக வாழைத்தோப்பில் உலவுவாள் என்பார்கள். நள்ளிரவில் கெம்போஜாப் பூவின் மணம் வந்தால் அவள் கிட்டத்தில்தான் இருக்கிறாள். பிடரியில் இரும்பாணி அறைந்தால் அடங்கி அழகான பெண்ணாகிவிடுவாள். ஆணியைப் பிடுங்கினால் பழையபடி பேய். பேய் பிடித்த பெண்ணின் தலைமயிரைப் புளியமரத்தில் வைத்து ஆணியடித்த தமிழ்க் கிராமத்து வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மலாக்காவில் பிறந்த, தமிழ் வம்சாவளியும் கலந்த முன்ஷி அப்துல்லா 1849இல் அச்சேறிய தம் வாழ்க்கை வரலாற்றிலேயே பொந்தியானாக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அவ்வளவு பழைய பேய், சினிமாவுக்கு வந்த எட்டே ஆண்டுகளில் களைத்துப்போனது.

முதல் படமான ‘பொந்தியானாக்’ 1957 ஏப்ரலில் வெளிவந்தது. தயாரித்தது சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம். லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் 1953இல் சேர்ந்து தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோதான் போட்டி. ஷாவிடம் பினாங்கில் பிறந்த பி. ரம்லி இருந்தார், அவர் படம் என்றால் பினாங்கு முதல் ஜொகூர் வரை அரங்கு நிறையும். அவருக்கு ஈடான நடிகர் கேத்தே-கெரிஸிடம் இல்லை. அதனால் அது பேயிடம் போனது. நடிகையாக மரியா மெனாடோ அமைந்தார். கதையை எழுதியவர் அப்போது அவருடைய கணவராக இருந்த அப்துல் ரசாக்.

இயக்குநர் பி. என். ராவை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேரளத்தைச் சேர்ந்த இவர் மலாயாவுக்கு வருமுன் தமிழ்ப்படங்களை இயக்கியவர். 1939இல் ‘பிரகலாதா’, 1941இல் ‘மதனகாமராஜன்’, 1944இல் ‘தாசி அபரஞ்சி’ ஆகியவை அவர் கைவண்ணம். ‘பிரகலாதா’வில் எம்.ஜி.ஆர். சிறு வேடத்தில் நடித்திருந்தார். சிங்கப்பூருக்கு வந்த பிறகு ராவ் 1953இல் ‘ஹுஜான் பானாஸ்’ படத்தில் ரம்லியை இயக்கினார். அந்நாளில் மலாய்ப் படங்களின் இயக்குநர் நாற்காலியில் இந்தியர்கள் அமர்ந்திருந்தது வழக்கமான காட்சி. ரம்லிக்கு முதன்முதலில் கதாநாயகன் வேடம் கொடுத்த ‘பக்தி’யை 1950இல் இயக்கியவரும் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன்தான். சாபம், வரம், மருந்து, மாயம் என்று புராணப்படத்தில் பழகிய கை ராவுடையது. பொந்தியானாக்கை அவர் வெறும் பூச்சாண்டியாக எடுக்காமல் சாபக்கதையாகவே எடுத்தார்.

கதையில் சோமெல் என்ற கூனல் விழுந்த, அவலட்சணமான பெண்ணை ஒரு முதியவர் வளர்க்கிறார். அவர் இறந்த பிறகு கிடைக்கும் மருந்தைக் குடித்து அவள் அழகியாகிறாள். ஒரே நிபந்தனை, இரத்தம் நாக்கில் படக்கூடாது. திருமணம் நடக்கிறது, குழந்தை பிறக்கிறது. ஒருநாள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. அவன் உயிரைக் காக்க அவள் கடிவாயிலிருந்து விஷத்தை உறிஞ்சுகிறாள். இரத்தம் நாக்கில் படுகிறது. அன்பினால் செய்த காரியமே அவளைப் பேயாக்குகிறது. படத்தின் பலம் முழுக்க இந்த ஒரு திருப்பத்தில் இருக்கிறது. நிபந்தனை முதலிலேயே பார்வையாளருக்குத் தெரியும். அது மீறப்படும் என்பதும் தெரியும். எப்போது, எதற்காக என்பதற்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

படம் ஓடியது. காண்டனீஸ் மொழியிலும் குரல் கொடுக்கப்பட்டு, மலாய் தெரியாத சீனர்களையும் இழுத்தது. கூட்டத்தைக் கண்ட கேத்தே-கெரிஸ் பொறுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ‘டெண்டாம் பொந்தியானாக்’ என்ற பழிவாங்கும் கதை வந்துவிட்டது. இரண்டு படங்களுக்கும் இடையில் மலாயா சுதந்திரமே அடைந்திருந்தது. பேய்க்கு மட்டும் ஓய்வில்லை. 1958இல் மூன்றாவது பாகமான ‘சும்பா பொந்தியானாக்’ அகலத்திரையில் வந்தது. மூன்றையும் இயக்கியவர் ராவ், மூன்றிலும் பேய் மரியா மெனாடோ.

சறுக்கல் மூன்றாம் பாகத்தில் தொடங்குகிறது. அதில் சோமெல் ஊரை அச்சுறுத்துபவள் அல்ல. தன் மகளையும் மற்றவர்களையும் காப்பவள். காட்டிலிருந்தும் குகையிலிருந்தும் கிளம்பும் வேறு பிசாசுகளோடு அவள் மோதுகிறாள். இன்றைய மொழியில் சொன்னால் இரத்தக்காட்டேரியே பேய்வேட்டைக்காரியாகிவிட்டாள். யோசனை மோசமானதல்ல. தாய்ப்பாசம், நாயகியின் சண்டை, அகலத்திரையில் காடு என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. முதல் படத்தின் அந்த நிபந்தனை இங்கே எதையும் தடுப்பதில்லை. இரத்தம் பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி போய், அடுத்து எந்தப் பிசாசு வரும் என்ற கேள்வி வந்துவிட்டது. முதல் கேள்விக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டாவதற்கு நேரம் போகும். வசூல் கணக்கில் இது தோல்வி அல்ல. பேய்ப்படம் என்ற கணக்கில் ஏமாற்றம்தான்.

ஷாவும் சும்மா இருக்கவில்லை. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ராமோன் எஸ்தெல்லாவை வைத்து 1958இல் ‘அனாக் பொந்தியானாக்’ எடுத்தது. பின்னர் அதே எஸ்தெல்லா கேத்தே-கெரிஸுக்காக 1963இல் ‘பொந்தியானாக் கெம்பாலி’ எடுத்தார். மரியா மெனாடோ அதே ஆண்டு பகாங் சுல்தானை மணந்து திரையிலிருந்து விலகினார். அவர் இல்லாமலே 1964இல் ராவ் ‘பொந்தியானாக் குவா மூசாங்’ இயக்கினார். 1965இல் ஷாவின் ‘பூசாக்கா பொந்தியானாக்’ வந்ததோடு அந்த அலை ஓய்ந்தது. இரண்டே ஆண்டுகளில் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவும் மூடப்பட்டது.

விதி தளர்ந்தால் பேய் செத்துவிடும் என்பதற்கு ஹாங்காங்கிலும் சாட்சி உண்டு. 1985இல் ரிக்கி லாவ் இயக்கிய ‘மிஸ்டர் வாம்பயர்’ படத்தில், கைகளை முன்னே நீட்டியபடி குதித்து வரும் பிணங்களை அடக்கும் தாவோயிசப் பூசாரியாக லாம் சிங்-யிங் நடித்தார். மூச்சை அடக்கினால் பிணத்துக்கு ஆள் தெரியாது. நெற்றியில் மந்திரம் எழுதிய மஞ்சள் தாளை ஒட்டினால் நின்றுவிடும். புலுட் எனப்படும் ஒட்டும் அரிசி அதற்கு ஆகாது. இப்படி ஒவ்வொரு விதியும் ஒரு சண்டைக்கோ சிரிப்புக்கோ காரணமாகும். மறு ஆண்டே வந்த இரண்டாம் பாகம் பழைய கிராமத்தை விட்டு இன்றைய நகரத்துக்கு இடம் மாறி, குழந்தைப் பிணம் ஒன்றைச் செல்லப்பிள்ளையாக்கியது. கொஞ்சத் தோன்றும் பேய்க்கு யார் மூச்சை அடக்குவார்கள்?

இந்த நோய் பெருஞ்செலவில் வந்த இடம் ஹாலிவுட்டின் ‘பிளேட்’ வரிசை. மார்வ் வுல்ஃப்மனும் ஜீன் கோலனும் 1973இல் மார்வெல் சித்திரக்கதைக்காக உருவாக்கிய பாத்திரம் பிளேட். திரையில் அவனுடைய கதை இப்படிப் போகிறது. கர்ப்பிணியான தாயை இரத்தக்காட்டேரி கடித்ததால் பாதி மனிதனாகவும் பாதி காட்டேரியாகவும் பிறந்தவன். வெயில் அவனைச் சுடாது. ஆனால் இரத்தத் தாகம் உண்டு. அதை ஊசிமருந்து போட்டு அடக்கிக்கொண்டு தன் இனத்தையே வேட்டையாடுகிறான். 1998இல் ஸ்டீபன் நாரிங்டன் இயக்கிய முதல் படத்தில் அந்த மருந்து மெல்ல மெல்ல வேலை செய்யாமல் போகிறது. சோமெலின் நிபந்தனைக்குத் தூரத்து உறவு இது. வாளும் துப்பாக்கியும் எவ்வளவு இருந்தாலும், நாயகன் எப்போது வேட்டையிலிருந்து இரைதேடலுக்கு நழுவுவான் என்பதுதான் அடியில் ஓடும் பயம். 2002இல் கியர்மோ டெல் டோரோ இயக்கிய இரண்டாம் பாகம் காட்டேரிகளையே தின்னும் புதிய இனத்தைக் கொண்டுவந்து, எதிரிகளோடு பிளேட் கூட்டுச் சேரும் நெருக்கடியை உண்டாக்கியது. வரிசையில் பலரும் மெச்சும் படம் அதுதான்.

மூன்றாவதான ‘பிளேட்: ட்ரினிட்டி’ 2004 டிசம்பரில் வந்தது. முந்தைய இரண்டு படங்களுக்கும் திரைக்கதை எழுதிய டேவிட் எஸ். கோயரே இம்முறை இயக்கினார். சுமார் 6.5 கோடி அமெரிக்க டாலர் செலவு; முந்தைய இரண்டையும்விட அதிகம். உலக வசூல் 13 கோடி டாலரை ஒட்டி நின்றது. இரண்டாம் பாகம் 15 கோடியைத் தாண்டியிருந்தது. விமர்சகர்கள் கைவிட்டார்கள்.

தவறு எங்கே என்றால், முதலில் வில்லனிடம். காட்டேரிகளின் ஆதி அரசனான டிராகுலாவைச் சிரியப் பாலைவனத்திலிருந்து எழுப்பி, டிரேக் என்று பெயரிட்டு டொமினிக் பர்செலை நடிக்க வைத்தார்கள். இந்த டிராகுலாவை வெயில் ஒன்றும் செய்யாது. வெயிலில் நடக்க முடிவதுதான் பிளேடின் தனிச்சிறப்பு. வில்லனுக்கும் அதைக் கொடுத்ததும் இருவருக்கும் இடையிலான வேறுபாடு கரைந்துபோனது. தீர்வு அதைவிட மோசம். சுற்றிலும் உள்ள காட்டேரிகளை ஒரே வீச்சில் கொல்லும் நோய்க்கிருமியைக் கண்டுபிடித்து அம்பில் ஏற்றிவிட்டார்கள். ஒரு கிருமியால் முடியும் வேலைக்கு வேட்டைக்காரன் எதற்கு? இரத்தத் தாகமும் ஊசிமருந்தும் ஓரத்துக்குப் போய்விட்டன.

அடுத்த தவறு கூட்டம். ரையன் ரெனால்ட்ஸ், ஜெசிகா பீல் ஆகிய இருவரையும் இளம் வேட்டைக்காரர்களாகக் கொண்டுவந்து, அவர்களை வைத்து வேறு படங்கள் கிளைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ரெனால்ட்ஸ் நிமிடத்துக்கொரு கிண்டல் அடிக்கிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் பக்கத்தில் நிற்கும் பிளேடின் இறுக்கம் பொருளற்றுப்போகிறது. படப்பிடிப்பில் நாயகன் வெஸ்லி ஸ்னைப்ஸுக்கும் இயக்குநருக்கும் ஒத்துப்போகவில்லை. தம்மை ஓரங்கட்டினார்கள், சம்பளப் பாக்கி வைத்தார்கள் என்று 2005இல் ஸ்னைப்ஸ் படத்தைத் தயாரித்த நியூலைன் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். கிளைப்படம் எதுவும் வரவில்லை. 2006இல் வேறு நடிகரோடு வந்த தொலைக்காட்சித் தொடர் ஒரு பருவத்தோடு நின்றது. 2019இல் மகர்ஷலா அலியை வைத்து அறிவிக்கப்பட்ட புதிய படம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஸ்னைப்ஸ் 2024இல் ‘டெட்பூல் & வுல்வரின்’ படத்தில் திடீரென்று தலைகாட்டியபோது அரங்குகளில் எழுந்த ஆரவாரம், மூன்றாம் பாகத்துக்கு ஒருநாளும் கிடைக்காதது.

அதே 2004இல் மலேசியாவில் பொந்தியானாக் மீண்டும் எழுந்தாள். பேய்ப்படங்களுக்குத் தணிக்கை நீண்டகாலம் இடம் கொடுக்காதிருந்த நிலை மாறி, ஷுஹைமி பாபா இயக்கிய ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ வெளிவந்தது. கொலையுண்ட நடனக்காரி மெரியாமாக நடித்த மாயா கரினுக்கு ஆசிய பசிபிக் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அங்கேயும் பேய்க்கு ஒரு தெளிவான கணக்கு இருந்தது: தன்னைக் கொன்றவனின் குடும்பம். கணக்கு தீர்ந்த பிறகும் 2005இல் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். முதலாவதன் பேரும் புகழும் அதற்கு வாய்க்கவில்லை. ராகவா லாரன்ஸின் ‘முனி’, ‘காஞ்சனா’ வரிசையைப் பார்த்து வளர்ந்த தமிழ் இரசிகர்களுக்கு இந்தப் பாதை நன்றாகவே தெரியும். பேயைக் கண்டால் நடுங்கும் நாயகன் என்ற ஒரு வரி முதல் இரண்டு படங்களுக்குப் போதுமானதாக இருந்தது. 2019இல் ‘காஞ்சனா 3’ வந்தபோது அந்த நடுக்கம் பழக்கமாகிவிட்டிருந்தது.

பழைய மலாய்ப் படங்களுக்கு நேர்ந்ததில் ஒரு கோணலான நியாயம் இருக்கிறது. 1957இன் இரண்டு படங்களும் இன்று இல்லை, பிரதிகள் அழிந்துவிட்டன. சாபமும் பாம்புக்கடியும் கொண்ட அந்த முதல் கதையைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் அறிய முடிகிறது. எஞ்சிய கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்களின் தொகுப்பு சிங்கப்பூரின் ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் உள்ளது. யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் 2014இல் அது இடம்பெற்றது. ராவின் முதல் மூன்று பொந்தியானாக் படங்களில் தப்பிப் பிழைத்தது மூன்றாம் பாகமான ‘சும்பா பொந்தியானாக்’ மட்டுமே.