பல்காரணிக் கோட்பாடும் உரும்பிராய்த் தோட்டமும்

நிதித்துறைப் பட்டயத் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞரை இன்று யாழ்ப்பாணக் கிராமங்களிலும் காணலாம். உரும்பிராயில் அத்தகைய மாணவர் ஒருவர் சீ.எஃப்.ஏ. தேர்வின் இரண்டாம் படிக்குரிய பாடத்தை எம்மிடம் காட்டி, சூத்திரம் மனப்பாடமாகிவிட்டது, பொருள்தான் பிடிபடவில்லை என்றார். இலக்கிய ஆய்வாளராகிய எமக்கு அச்சூத்திரம் புதியது. எனினும் எக்கோட்பாட்டையும் அதன் சமூக அடித்தளத்தில் வைத்து நோக்குவது எமது வழக்கமாதலின், அவர் வீட்டுத் தோட்டத்திலிருந்தே தொடங்கினோம்.

செம்மண் தோட்டமொன்றில் வெங்காயமும் மிளகாயும் பயிராகின்றன எனக் கொள்வோம். வெங்காயத்தில் அழுகல் விழுந்தால் மிளகாய் கைகொடுக்கும். இது தனிப் பயிருக்குரிய இடர். பலவற்றைப் பயிரிட்டுத் தணிக்கக்கூடியது. ஆனால் 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் இவ்விரண்டுக்கும் நல்ல விலை கிடைத்தது. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் இரண்டும் ஒருங்கே அடிபட்டன. பயிரைப் பெருக்கித் தப்ப முடியாத இத்தகைய பொது விசையையே நிதியியலார் 'காரணி' என்கின்றனர்.

1964இல் வில்லியம் ஷார்ப் முன்வைத்த மாதிரி, சந்தை முழுவதையும் ஒரே காரணியாகக் கொண்டது. 1976இல் ஸ்டீபன் ராஸ் காரணிகள் பலவாகலாம் என்றார். அவரது வாதத்தின் அச்சாணி எளிமையானது. சுன்னாகச் சந்தையில் ஒரு விலையும் திருநெல்வேலிச் சந்தையில் வேறொரு விலையும் இருப்பின், வியாபாரி ஒன்றில் வாங்கி மற்றதில் விற்பான். வேறுபாடு மறையும்வரை விற்பான். அவ்வாறே, காரணிகளால் ஒரே அளவில் தாக்குறும் சொத்துக்கள் வெவ்வேறு விளைவைத் தொடர்ந்து தரமாட்டா.

ஆகவே எதிர்பார்க்கும் விளைவு என்பது, இடரற்ற வட்டியுடன் ஒவ்வொரு காரணியின் மிகைவிளைவையும் அச்சொத்தின் உணர்திறனால் பெருக்கிக் கூட்டுவதாகும். வட்டி 8 வீதம். முதற் காரணியின் மிகைவிளைவு 5 வீதம், உணர்திறன் 1.2, இரண்டாவதன் மிகைவிளைவு 2 வீதம், உணர்திறன் 0.5 எனின், விடை 8 + 6 + 1 = 15 வீதம்.

மாணவர் பெரும்பாலும் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. பணவீக்கம், உற்பத்தி போன்ற பொருளாதாரக் காரணிகளில் கணக்கிற்கு வருவது அவற்றின் அளவன்று, எதிர்பாராத மாற்றமே. எதிர்பார்க்கப்பட்டது விலையில் முன்னரே அடங்கிவிடும். 1986இல் சென், ரோல், ராஸ் ஆகிய மூவரும் ஆராய்ந்தவை இவ்வகையின. 1993இல் ஃபாமாவும் ஃபிரெஞ்சும் எடுத்த நிறுவன அளவு, புத்தகப் பெறுமதிக்கும் சந்தைப் பெறுமதிக்குமான விகிதம் என்பனவோ பங்குத் தொகுதிகளின் விளைவு வேறுபாடுகளாகவே அளக்கப்படுவன. அவர்களே 2015இல் மூன்று காரணிகளை ஐந்தாக்கினர்.

இங்கேதான் எமது ஐயம் எழுகின்றது. எவை காரணிகள், எத்தனை என்பதை ராஸின் கோட்பாடு சொல்வதில்லை. அதனை வரலாறுதான் நிரப்ப வேண்டும். கொழும்புப் பங்குச் சந்தையை ஆராய்பவர், நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய 2022ஆம் ஆண்டைப் புறக்கணித்து அமெரிக்கக் காரணிகளை அப்படியே பொருத்தினால் அது கணக்காகலாம், ஆய்வாகாது.

மற்றொன்று இதனினும் பாரதூரமானது. பொதுஇடரைத் தாங்குவோருக்கு மிகைவிளைவு உண்டு என்கிறது கோட்பாடு. அது கிடைப்பது எவ்வாறு? பங்கை வைத்திருப்பவன், இடர் மிகுந்தால் குறைந்த விலைக்கே வாங்குவேன் என மறுக்க வல்லவன். அம்மறுப்பே அவனுக்குரிய மிகைவிளைவாகின்றது. 1977இல் மிளகாய்க் கன்றுகளுக்கு நீர் பாய்ச்சி நின்ற தோட்டக்காரன் எதை மறுப்பான்? காரணியின் தாக்கம் அவனுக்கு முழுமையாகவே இருந்தது, மிகைவிளைவு மட்டும் இல்லை. சூத்திரத்தில் தவறில்லை, அவன் அதற்குள் இல்லை.

இதைக் கேட்ட மாணவர், தேர்வில் இவ்வாறு எழுதினால் புள்ளி கிடைக்குமா என்றார். கிடைக்காது என்றோம். பெருக்கிக் கூட்டும் முறையை இன்னொரு முறை செய்து காட்டும்படி கேட்டுக்கொண்டார், செய்து காட்டினோம்.