எலிக்கு மனச்சோர்வு, சிகிச்சைக்குக் காந்தம்

மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் அனுமதித்தது. அதன் பிறகும் எலிகளிடம் ஏன் சோதிக்கிறார்கள்? மூளைக்குள் என்ன மாறுகிறது என்பதைத் திசுவை எடுத்துப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். மனிதரிடம் அதைச் செய்ய முடியாது.

கம்பிச்சுருளில் கண்ணிமைப்பதற்குள் பலத்த மின்சாரம் பாய்ந்து நிற்கும். அப்போது எழும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து, மூளைக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும். 1831இல் ஃபாரடே கண்ட விதிதான். 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு இதை மனித மூளையில் செய்துகாட்டியது.

எலி சோர்ந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? முதலில் அதைச் சோர்வுறச் செய்ய, வாரக்கணக்கில் கூண்டைச் சாய்த்து வைப்பார்கள், படுக்கைத் தூளை ஈரமாக்குவார்கள், இரவிலும் விளக்கெரிப்பார்கள். பிறகு இரண்டு குப்பிகள்: ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சர்க்கரைத் தண்ணீர். நலமான எலி இனிப்பையே நாடும். நொந்த எலிக்கு அந்த நாட்டம் குறைந்துவிடும். தூண்டல் பெற்ற எலிகள் மீண்டும் இனிப்பைத் தேடியதைப் பல ஆய்வுகள் கண்டன. சிலவற்றில், மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் நரம்பு செல்களைப் பேணும் பி.டி.என்.எஃப். புரதமும் கூடியிருந்தது.

சிக்கல் சுருளின் அளவில் இருக்கிறது. மனிதருக்கான சுருள் எலியின் தலையைவிடப் பெரியது. நம்மிடம் இடது முன்மூளையின் ஒரு பகுதியைக் குறிவைக்கலாம். எலியின் சுமார் 2 கிராம் மூளையில் அந்தத் துல்லியம் வராது. சுருளைச் சிறிதாக்கினால் சூடேறும், புலமும் வலுவிழக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ‘டக்’கென்று சத்தம் வேறு. எலியைப் பிடித்து வைப்பதே அதற்கு அழுத்தம். இவையே முடிவைக் குழப்பலாம். அதனால், அதே பிடியும் சத்தமும் இருந்து காந்தப்புலம் மட்டும் இல்லாத போலித் தூண்டல் பெற்ற எலிகளோடு ஒப்பிடாத எந்த ஆய்வையும் நான் நம்பமாட்டேன்.