கொக்கு குயிலான கதை

கொக்கிளாய்க்குப் புகையிரதப் பாதை இல்லை. அவ்வூரார் கொழும்புக்குப் பயணப்பட எண்ணினால், கொக்குத்தொடுவாய், நாயாறு, செம்மலை, அளம்பில் எனக் கரையோரமாக வந்து முல்லைத்தீவை அடைந்து, முள்ளியவளை, ஒட்டுசுட்டான் வழியே மாங்குளம் சென்று வண்டி ஏறலாம். வழியெல்லாம் ஆறும் மலையும் முல்லையும் முள்ளியும் ஊர்ப்பெயராகி நிற்கின்றன. களப்பும் கடலும் தொடும் வாய் தொடுவாய். இதனினும் தெளிவாக ஓர் இடத்திற்கு யார் பெயரிட வல்லார்?

நிலையத்தை அடைந்ததும் செவிக்கு வேறோர் அனுபவம் காத்திருக்கின்றது. நம் நாட்டுப் புகையிரத நிலையங்களில் அறிவிப்புகள் மும்மொழியில் ஒலிக்கக் கேட்கின்றோம். நம் யாழ்ப்பாணம் சிங்களத்தில் யாப்பனய, ஆங்கிலத்தில் ஜஃப்னா. வவுனியா வவுனியாவ ஆகின்றது. கிளிநொச்சி கிலிநொச்சிய ஆகின்றது. ஆனையிறவோ அலிமங்கட என்றும் எலிபன்ற் பாஸ் என்றும் பொருளோடு பெயர்ந்து நிற்கின்றது.

இவற்றைக் கேட்டு முகஞ்சுளிப்போர் உளர். அவர்கள் தம் நாவையும் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. மெதவச்சிய என்று அவ்வூரார் வழங்கும் நிலையம் நமக்கு மதவாச்சி. மீகமுவ நமக்கு நீர்கொழும்பு. மகநுவர நமக்குக் கண்டி. அயலூர்ப் பெயரைத் தன் ஓசைக்கு இசைய வளைத்துக்கொள்வது எம்மொழிக்கும் இயல்பே. அதிற் பகைமை இல்லை; பழகிய உறவே உண்டு.

குறை வேறோரிடத்தில் இருக்கின்றது. தமிழ்ப் பெயரைத் தமிழரே பிறமொழி எழுத்தின் வழியாகப் படிக்குமிடத்துத்தான் பெயர் கெடுகின்றது. ஆங்கில எழுத்தில் ளகரத்திற்கும் லகரத்திற்கும் வேறுபாடில்லை; குறிலும் நெடிலும் மயங்குகின்றன. கொக்கிளாய் என்னும் பெயர் சிலவேளை ஒரு ககரமும் குறைந்து எழுதப்படுவதுண்டு. அதனைப் பார்த்து ஒருவர் தமிழில் வாசித்தால் ‘கோகிலை’ என்பார். கோகிலமாவது குயில். 1951 முதல் பறவைகள் சரணாலயமாக விளங்கும் களப்பிலே, கொக்கு பறந்துபோய்க் குயில் வந்து அமர்ந்துவிடுகின்றது!

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. சென்னையில் எழும்பூர் எக்மோர் ஆயிற்று. தூத்துக்குடி டூட்டிக்கோரின் ஆயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதும்படி தமிழ்நாட்டு அரசு 2020 ஜூனில் ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல் பற்றி எழுந்த குறைகளால் அம்மாதமே அதனை மீளப் பெற்றது. ஒலியை எழுத்திற் சிறைப்படுத்துதல் அத்துணை எளிதன்று.

கொக்கிளாயாருக்கு இஃது எழுத்திலக்கணச் செய்தி மாத்திரமன்று. 1984இல் அவர்கள் தம் ஊரினின்று வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்த 2009இன் பின்னரே மீண்டு வர வழி பிறந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அங்கே பிறக்காத பிள்ளைகளும் தம் ஊர் கொக்கிளாய் என்றே சொல்லி வளர்ந்தனர். காணாத ஊரின் களப்பையும் கரையையும் அப்பிள்ளைகளுக்குக் காட்டியது தாய்மார் நாவிலிருந்த அந்தப் பெயர்தான். அயலிலுள்ள மணலாறோ 1988இல் வெலிஓயா ஆயிற்று. வெலி என்றால் மணல்; ஓயா என்றால் ஆறு. பொருள் சிதையவில்லை, ஆயினும் அங்கு வாழ்ந்தோரின் ஒலி அரச ஏட்டினின்று அகன்றது. ஆனையிறவின் மூன்று பெயர்களும் ஒன்றையொன்று தள்ளாமல் அருகருகே வாழ்கின்றன. மணலாற்றிலோ ஒன்று மற்றொன்றின் இடத்தை எடுத்துக்கொண்டது. வளைதலுக்கும் மறைதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

1990இல் வவுனியாவுக்கு வடக்கே நின்றுபோன புகையிரதம், 2013 செப்டெம்பரில் மாங்குளத்தைக் கடந்து கிளிநொச்சியை அடைந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சேர்ந்தது. தண்டவாளத்தை மீண்டும் இடப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. பெயரைச் சரியாக ஒலிக்கவோ பொருள் வேண்டா. அறிவிப்பைப் பதிவு செய்யுமுன் அவ்வூர் முதியவர் ஒருவரை அழைத்து, “ஐயா, உங்கள் ஊரை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டால் போதும். சிங்களம் தன் வழக்கிற் சொல்லட்டும். ஆங்கிலமும் அவ்வாறே சொல்லட்டும். தமிழிற் சொல்லும்போது மட்டும் கிளிநொச்சியில் ளகரம் இருக்கட்டும். கொக்கிளாயிற் கொக்கு இருக்கட்டும். நெடுந்தூரம் போய் வீடு திரும்புகின்றவனுக்கு, ஊர் வருமுன்னே வந்து சேர்வது அதன் பெயரல்லவா?