எலைட் (கணினி விளையாட்டு)

எலைட் என்பது 1984 செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளியான அறிவியல் புனைவுக் கணினி விளையாட்டு ஆகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகிய இருவரும் இதை உருவாக்கினர். பிபிசி மைக்ரோ, ஏக்கார்ன் எலக்ட்ரான் ஆகிய வீட்டுக் கணினிகளுக்காக ஏக்கார்ன்சாஃப்ட் நிறுவனம் இதை வெளியிட்டது. விண்கலம் ஓட்டுவது, சண்டையிடுவது, ஒரு கோளில் சரக்கு வாங்கி இன்னொரு கோளில் விற்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே இவ்விளையாட்டு.

இதில் 8 விண்மீன் மண்டலங்கள் உள்ளன. மண்டலத்துக்கு 256 கோள்கள் வீதம் மொத்தம் 2,048 கோள்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆட்சி முறை, தொழில், மக்கள்தொகை, சந்தை விலை எல்லாம் உண்டு. ஆனால் பிபிசி மைக்ரோவின் நினைவகமோ 32 கிலோபைட்டு மட்டுமே. இன்று அலைபேசியில் எடுக்கும் ஓர் ஒளிப்படம் அதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு இடம் பிடிக்கும். அந்த 32 கிலோபைட்டிலும் ஒரு பங்கு திரைக்கும் கணினியின் சொந்தத் தேவைக்கும் போய்விட, விளையாட்டுக்கு எஞ்சியது சுமார் 22 கிலோபைட்டு. இவ்வளவு சிறிய இடத்தில் 2,048 கோள்கள் எப்படி அடங்கின என்பதுதான் எலைட்டைப் பற்றி மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய முதன்மையான செய்தி.

விளையாட்டு முறை

ஆட்டக்காரரிடம் தொடக்கத்தில் கோப்ரா மார்க் 3 என்னும் விண்கலமும் 100 கிரெடிட் பணமும் இருக்கும். புறப்படும் இடம் லேவ் என்னும் கோள். எரிபொருள் தொட்டி நிறைந்திருந்தால் ஒரு தாவலில் 7 ஒளியாண்டுத் தொலைவுக்குள் உள்ள கோளுக்குப் போகலாம். வழியில் கொள்ளையர் தாக்குவர். ஒழுங்கான அரசு உள்ள கோள்களின் அருகே ஆபத்து குறைவு. அரசே இல்லாத கோள்களின் அருகே மிகுதி. சில நேரம் தார்காய்டுகள் என்னும் அயல் உயிரினங்களும் எதிர்ப்படும்.

வணிகத்தின் அடிப்படை எளிது. வேளாண்மைக் கோள்களில் உணவு மலிவு, கணினியும் இயந்திரமும் விலை கூடுதல். தொழில் கோள்களில் இது தலைகீழ். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக் கேரளத்துக்குப் போகும் லாரிக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விளையும் இடத்தில் வாங்கித் தேவைப்படும் இடத்தில் விற்க வேண்டும். திரும்பும்போது வண்டி காலியாக வரக்கூடாது. கப்பலின் கொள்ளளவு முதலில் 20 டன். பணம் சேர்ந்தபின் 35 டன்னாகப் பெருக்கிக்கொள்ளலாம். மொத்தம் 17 வகைச் சரக்குகள் உண்டு. அவற்றில் போதைப்பொருள், ஆயுதம், அடிமைகள் ஆகிய மூன்றும் சட்டவிரோதமானவை. அவற்றைக் கடத்தினால் ஆதாயம் உண்டு, ஆனால் காவல் கலங்கள் துரத்தும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று விளையாட்டு கட்டளையிடுவதில்லை. விளைவை மட்டும் காட்டுகிறது.

புதியவர்கள் மிகுதியாகத் தோற்ற இடம் சண்டை அன்று, நிலையத்தில் கப்பலைச் சேர்ப்பதுதான். விண்வெளி நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் குறுகிய வாயில் கோளைப் பார்த்தபடி இருக்கும். அந்தச் சுழற்சிக்கு ஏற்பக் கலத்தையும் சுழற்றி நேராக நுழைய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கலம் நொறுங்கும். பணம் சேர்த்துத் தானியங்கிக் கருவி வாங்கும்வரை இந்தப் பாடு தீராது.

எதிரிக் கலங்களை வீழ்த்துவதைப் பொறுத்து ஆட்டக்காரரின் தரம் உயரும். 'தீங்கற்றவர்' என்பது அடித்தட்டு. 6,400 கலங்களை வீழ்த்தியவருக்கே 'எலைட்' என்ற உச்சத் தரம். அதற்குமேல் முடிவு என்று ஒன்று இல்லை. ஆட்டத்தைச் சேமித்து வைத்து மறுநாள் தொடரலாம்.

அக்காலத்துக்கு இது புதுமை. அன்றைய விளையாட்டுகள் பெரும்பாலும் காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் சாயலில் அமைந்தவை: மூன்று உயிர், ஒரு மதிப்பெண், பத்து நிமிடத்தில் முடிவு. பிரேபனும் பெல்லும் முதலில் அணுகிய தார்ன் ஈஎம்ஐ நிறுவனம் இவை இல்லை என்பதைக் குறையாகச் சொல்லி மறுத்துவிட்டது. அந்த அறிவுரைப்படி அவர்கள் மாற்றியிருந்தால், நூற்றுக்கணக்கில் வந்துபோன சுடும் விளையாட்டுகளில் ஒன்றாக இதுவும் மறைந்திருக்கும்.

கோள்களை உருவாக்கும் கணக்கு

எலைட்டில் 2,048 கோள்களின் பட்டியல் எங்குமே சேமிக்கப்படவில்லை. தேவைப்படும்போது ஒவ்வொரு கோளும் கணக்கிட்டு உருவாக்கப்படுகிறது. சேமித்து வைத்திருப்பது மூன்று எண்கள் மட்டுமே. அவை பிடிக்கும் இடம் 6 பைட்டு. இம்மூன்றையும் விதை எண்கள் எனலாம்.

முறையைத் தாளிலேயே செய்து பார்க்கலாம். 2, 7, 5 என்ற மூன்று எண்களை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டினால் 14. ஒன்றின் இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் 4. அடுத்துக் கடைசி மூன்று எண்களான 7, 5, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 16, எனவே 6. இப்படியே தொடர்ந்தால் 4, 6, 5, 5, 6, 6, 7, 9, 2 என்று வரிசை நீளும். முதலில் எடுத்த 5-க்குப் பதில் 6 என்று வைத்தால் வரிசை 5, 8, 9, 2, 9, 0 என்று முற்றிலும் வேறாகப் போகும். பார்வைக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றினாலும், அதே விதைக்கு எத்தனை முறை கணக்கிட்டாலும் அதே வரிசைதான் வரும். ஃபிபனாச்சி வரிசையில் முந்தைய இரண்டு எண்களைக் கூட்டுகிறோம். இங்கு மூன்று, அவ்வளவே வேறுபாடு.

எலைட்டில் ஒன்றின் இலக்கத்துக்குப் பதிலாக 0 முதல் 65,535 வரையிலான எண்கள் பயன்படுகின்றன. ஒரு கோளின் கணக்கு முடிந்ததும் கூட்டல் நான்கு முறை நடந்து அடுத்த கோளின் விதை கிடைக்கும். அந்த விதையின் ஒரு பகுதி கோளின் இருப்பிடத்தைத் தரும். இன்னொரு பகுதி ஆட்சி முறையைத் தரும். மற்றொன்று தொழிலைத் தரும். எனவே லேவ் கோள் எவர் வீட்டுக் கணினியிலும் அதே இடத்தில், அதே வேளாண்மைக் கோளாகவே இருக்கும்.

பெயர்களும் இப்படித்தான். ஈரெழுத்துத் துண்டுகள் கொண்ட ஒரு சிறிய அட்டவணையிலிருந்து எண்கள் சொல்லும் துண்டுகளை எடுத்து ஒட்டினால் பெயர் ஆகிவிடும். 'டி', 'சோ' இரண்டும் சேர்ந்தால் டிசோ என்னும் கோள். நம் ஊர்ப் பெயர்களிலிருந்து நிலம், சின்னாளன், பட்டி, கோட்டை என்ற துண்டுகளை எடுத்துக்கொண்டால் நிலக்கோட்டையும் சின்னாளபட்டியும் மட்டுமல்ல, இல்லாத நிலப்பட்டியும் கிடைக்குமே, அதுபோல. இயந்திரத்துக்கு எது நல்ல சொல், எது கெட்ட சொல் என்று தெரியாது. ஒரு மண்டலத்தில் அநாகரிகமான ஒரு சொல் கோளின் பெயராக வந்துவிட்டதால் அந்த மண்டலத்தையே கைவிட்டு வேறொன்றைத் தேர்ந்தனர்.

மண்டலங்கள் ஏன் எட்டு என்பதற்கும் காரணம் உண்டு. அடுத்த மண்டலத்துக்குச் செல்லும்போது விதையிலுள்ள ஒவ்வொரு பைட்டின் பிட்டுகளும் ஓரிடம் இடப்பக்கம் நகர்கின்றன. முனையில் விழுவது மறுமுனைக்கு வருகிறது. ஒரு பைட்டுக்கு 8 பிட்டு. எனவே எட்டாம் முறை நகர்ந்ததும் முதல் மண்டலம் திரும்பிவிடும். 48 பிட்டு விதையைக் கொண்டு 281 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட மண்டலங்களை அமைக்கலாம். ஆசிரியர்களுக்கு அந்த ஆசையும் இருந்தது. அத்தனை இருந்தால் எல்லாம் கணக்கால் வந்தவை என்பது ஆட்டக்காரருக்குப் புலப்பட்டுவிடும் என்று ஏக்கார்ன்சாஃப்ட் தடுத்தது. அது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

திரையில் வரைதல்

கலங்கள் கோட்டுருவங்களாக முப்பரிமாணத்தில் வரையப்பட்டன. மறைந்திருக்கும் பின்பக்கக் கோடுகள் தெரியாதபடி செய்தது அன்று வியப்பளித்தது. தீப்பெட்டி ஒன்றைக் கையில் எப்படித் திருப்பினாலும் ஒரே நேரத்தில் மூன்று முகங்களுக்குமேல் தெரிவதில்லை. ஒரு முகம் நம்மை நோக்கியிருக்கிறதா, அப்பால் திரும்பியிருக்கிறதா என்று கணக்கிட்டு, திரும்பியிருந்தால் வரையாமல் விடுவதே இதன் உத்தி. இதை நொடிக்குப் பலமுறை செய்தது 2 மெகாஹெர்ட்சு வேகமுள்ள 6502 நுண்செயலி.

இந்தியப் பள்ளிகளில் பிபிசி மைக்ரோ

எலைட் வெளியான அதே காலத்தில்தான் பிபிசி மைக்ரோ இந்தியப் பள்ளிகளுக்கும் வந்தது. 'கிளாஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் 1984-85-இல் முன்னோட்டமாகத் தொடங்கியது. அதன்கீழ் மொத்தம் 12,000 பிபிசி மைக்ரோ கணினிகள் மாநில அரசுகள் வழியாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் இக்கணினியின் இந்திய வடிவத்தை யூனிகார்ன் என்ற பெயரில் தயாரித்தது.

திட்டத்தின் நோக்கம் கணினியை அறிமுகப்படுத்துவது, விளையாட்டு அன்று. ஆயினும் மேலே சொன்ன மூன்று எண் கூட்டலைச் செய்துகாட்ட அக்கணினியிலிருந்த பேசிக் மொழியில் நாலைந்து வரி நிரல் போதும். கணினி என்பது விடைகளை அடுக்கி வைத்திருக்கும் பெட்டி அன்று, விதியைக் கொடுத்தால் விடையை உருவாக்கும் கருவி என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பின்னாளில்

கமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், ஐபிஎம் கணினி, அமிகா என்று பல இயந்திரங்களுக்கு எலைட் மாற்றி எழுதப்பட்டது. பிபிசி மைக்ரோவை வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் பின்னர் ஆர்ம் நுண்செயலியை உருவாக்கினர். இன்றைய அலைபேசிகள் பெரும்பாலும் அந்த வழிவந்த செயலியில்தான் இயங்குகின்றன. குறைந்த விலையில் மாணவர்களுக்குக் கணினி தரும் ராஸ்பெரி பை அறக்கட்டளையை நிறுவியவர்களில் பிரேபனும் ஒருவர்.

1993-இல் ஃபிரான்டியர் என்ற இரண்டாம் பாகமும், 2014 டிசம்பரில் எலைட் டேஞ்சரஸும் வந்தன. பின்னதில் கோள்களுக்குப் பதில் நம் பால்வெளி மண்டலமே முழு அளவில் கணக்கிட்டு உருவாக்கப்பட்டுள்ளது. அதில் சுமார் 40,000 கோடி விண்மீன்கள். 1984-இல் ஆட்டக்காரர்கள் 100 கிரெடிட்டுடன் புறப்பட்ட லேவ் அதிலும் இருக்கிறது.