பழைய கணினியும் பாமினி எழுத்தும்

பல்லேகலச் சுற்றுவட்டாரத் தமிழாசிரியர் எவரேனும் தம் பழைய மேசைக் கணினிக்குப் புதிய இயங்குதளம் ஏற்ற எண்ணுவாராயின், அவருக்கு ஒரு சொல்.

விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றமையால் மாற்றம் வேண்டுவதே. உரிய பாதுகாப்புச் சில்லு இன்மையால் விண்டோஸ் 11 ஏலாத பொறியிலும் இலவச லினக்ஸ் இயங்கும். ஹந்தானை மலையின் பெயர் தாங்கிய லினக்ஸ் ஒன்றை நம் நாட்டாரே ஆக்கியதுண்டு.

ஆயினும் பொறியினும் அரியது அதனுள் உறங்கும் எழுத்து. இலங்கையில் பெருவழக்குற்ற பாமினி எழுத்துரு, உரோம எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது. அவ்வெழுத்துரு இல்லாத புதிய தளத்தில், அன்று தட்டெழுதிய கட்டுரை பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகும். ஆகவே கோப்புகளைப் படியெடுத்து, யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்த்த பின்னரே பழையதைத் துடைத்தல் வேண்டும்.

ஏடு பெயர்த்தெழுதி நூல் காத்த மரபினர்க்கு இது புதுப்பணி அன்று.