கவுண்ட் ஏறினால் உடம்பு போராடுகிறது என்று அர்த்தமா?

கைக்குழந்தையின் ரத்தப் பரிசோதனையில் 'டோட்டல் கவுண்ட்' 50,000 என்று வந்தால், லேப் வாசலிலேயே யாராவது ஆறுதல் சொல்வார்கள்: "கவுண்ட் ஏறியிருக்கு, உடம்பு கிருமியோட சண்டை போடுது." பல தொற்றுகளில் அது ஓரளவு சரி. கக்குவான் இருமலில் தவறு, அதுவும் ஆபத்தான தவறு. அங்கே வெள்ளணுக்கள் எக்கச்சக்கமாகத் தெரிவதே கிருமி செய்த வேலை.

போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்ற இந்தக் கிருமியை 1906இல் ஜூல் போர்டே, ஆக்டேவ் ஜாங்கு என்ற இருவர் அடையாளம் காட்டினார்கள். மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு அது பெரும்பாலும் அங்கேயே இருந்துவிடும். உடம்பெங்கும் பரவுவது அது சுரக்கும் நச்சு. ஆறு கூறுகள் சேர்ந்த புரதம் அது. ஐந்து கூறுகள் வெள்ளணுவைப் பற்றிக்கொள்ள, ஆறாவது உள்ளே போகிறது.

தொற்று எங்கே என்று வெள்ளணுவுக்குச் சொல்வது திசுக்கள் விடுக்கும் வேதிச் சமிக்ஞை. அணுவின் மேற்பரப்பில் வந்து சேரும் அந்தச் செய்தியை உள்ளே கடத்த ஒரு புரதம் உண்டு. நச்சு அந்தப் புரதத்தைத்தான் முடக்குகிறது. காலிங் பெல்லை அழுத்துகிறோம்; உள்ளே ஒயர் அறுந்து கிடக்கிறது. லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் ரத்தத்தை விட்டு நிணநீர் முடிச்சுகளுக்குள் நுழைய முடியாமல் ரத்தத்திலேயே தேங்குகின்றன. ரிப்போர்ட்டில் எண்ணிக்கை எகிறுவது அதனால்தான். இது போதாதென்று, தன்னை விழுங்கவேண்டிய அணுக்களை மந்தமாக்க இன்னொரு நச்சும் கிருமி வைத்திருக்கிறது.

பெரியவர்களுக்கு இது வாரக்கணக்கில் நீளும் இருமலோடு போய்விடலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அப்படியில்லை. தேங்கிய அணுக்கள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்க, இதயம் திணறுகிறது. கவுண்ட் ஒரு லட்சத்தைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சில மருத்துவமனைகளில் ரத்தத்தை மாற்றியே அணுக்களைக் குறைக்கிறார்கள். இங்கே முக்கியம், நேற்றைக்கு இன்று எவ்வளவு ஏறியது என்பது. வேறு மருத்துவமனைக்குக் குழந்தையைக் கொண்டுபோகும்போது பழைய ரிப்போர்ட்டுகள் கையில் இருக்கவேண்டும். நோயாளி தரப்பு கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தரவேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. தயங்காமல் எழுதிக் கேளுங்கள்.

இளங்குழந்தைக்கு இருமலுக்குப் பின் மூச்சை இழுக்கும்போது கேட்கும் அந்தப் பிரபலமான 'ஊப்' சத்தம் வராமலே போகலாம். சில விநாடிகள் மூச்சு நிற்பது, உதடு நீலமாவது, இருமி முடித்ததும் வாந்தி, இதில் எதைக் கண்டாலும் 108ஐ அழையுங்கள். அசித்ரோமைசின் போன்ற மருந்து கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே அணுக்களுக்குள் புகுந்துவிட்ட நச்சை அதனால் வெளியேற்ற முடியாது. சாதாரணச் சளி மாதிரி தோன்றும் முதல் ஓரிரு வாரத்தில் தொடங்கினால் அதிகப் பலன். வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் மற்றவர்களுக்கும் மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இருமல் சிரப்பால் இதில் பெரிதாக ஒன்றும் ஆகாது.

தடுப்பூசியை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஜப்பானின் கணக்கு போதும். 1974இல் அங்கே ஏறக்குறைய 400 பேருக்குத்தான் இந்நோய், சாவு இல்லை. ஊசிக்குப் பின் இரு குழந்தைகள் இறந்ததையொட்டி 1975இல் ஊசியை நிறுத்தினார்கள். மீண்டும் தொடங்கியும் மக்களின் நம்பிக்கை திரும்பவில்லை. 1979இல் 13,000 பேருக்கு மேல் பாதிப்பு, 41 மரணம்.

நம் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கக்குவானையும் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14ஆவது வாரங்களில் இலவசம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் இது 2011 டிசம்பரில் முதலில் வந்தது. பிறகு 16-24 மாதத்திலும் 5-6 வயதிலும் டிபிடி பூஸ்டர். தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். ஊசி போட்ட அன்று காய்ச்சல் வரலாம், கால் வீங்கலாம். ஓரிரு நாளில் தணிந்துவிடும். வலிப்பு, விடாத அழுகை போன்றவை வந்தால் ஊசி போட்ட இடத்திலேயே தெரிவியுங்கள். அதைப் பதிவு செய்து விசாரிப்பது அவர்கள் கடமை.

கர்ப்பிணிகளுக்கு அரசுத் திட்டத்தில் போடும் 'டிடி' ஊசி கக்குவானைத் தடுக்காது, இது பலருக்குத் தெரியாது. 'டிடாப்' என்ற ஊசிதான் தடுக்கும். 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டால், குழந்தை முதல் ஊசிக்குக் காத்திருக்கும் அந்த ஆறு வாரத்துக்குத் தாயின் எதிர்ப்பொருள் துணையிருக்கும். தனியார் மருத்துவமனைகளில் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது. இதை இலவசப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.