நாட்டுச்சர்க்கரையைக் கசியவிடாமல் காப்பது

நாட்டுச்சர்க்கரை கெடுவது பெரும்பாலும் ஈரத்தால்தான். புளிப்பு வாடை, பூஞ்சை, கறுத்துப்போன நிறம், கட்டி தட்டிய மூட்டை என்று எந்தக் குறையை எடுத்துக்கொண்டாலும், தேடிப்போனால் எங்கோ ஓரிடத்தில் நீர் புகுந்த கதை கிடைக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெல்ல மண்டிகளில் இது அன்றாடக் கவலை. ஓமலூர், காமலாபுரம், தீவட்டிப்பட்டி வட்டாரத்து ஆலைக் கொட்டகைகளில் காய்ச்சும் சரக்கு இந்தப் பேட்டைக்கு வந்து சேர்கிறது. நாமக்கல் பக்கம் ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர் கரும்புக்குப் பிலிக்கல்பாளையம் சந்தை இருக்கிறது. அங்கே உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் 30 கிலோ சிப்பமாக ஏலம் போகும். ஈரோட்டுக் கவுந்தப்பாடியில் தூள் சர்க்கரை 60 கிலோ மூட்டையாக விற்பனையாகிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் அந்தச் சரக்குதான். உருண்டையாக இருக்கும்வரை வெல்லத்துக்கு ஓரளவு தற்காப்பு உண்டு, மேற்பரப்பு மட்டுமே காற்றைத் தொடும். அதையே தூளாக்கிவிட்டால் காற்றுபடும் பரப்பு பல மடங்கு பெருகிவிடுகிறது. ஆகவே தூளுக்குக் காவலும் அதிகம் வேண்டும்.

வெள்ளைச் சர்க்கரை, சேலத்துக்காரர்கள் சொல்லும் அஸ்கா, ஏறத்தாழ முழுக்கச் சுக்ரோஸ். அது அறை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை எட்டும்வரை நீரை இழுத்துக் கரைவதில்லை. நாட்டுச்சர்க்கரை அப்படியல்ல. அதில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தாது உப்புகளும் கலந்திருக்கின்றன. ஃபிரக்டோஸ் தனித்து நின்றாலே 60 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை வாங்கிக் கரையத் தொடங்கும். மற்ற சர்க்கரைகளோடு சேரும்போது அந்த எல்லை இன்னும் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலக் காலைகளில் சேலத்துக் காற்றின் ஈரம் 80 சதவீதத்தையும் கடக்கிறது. அந்த நாளில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் அஸ்கா தாக்குப்பிடிக்கும். பக்கத்து மூட்டை நாட்டுச்சர்க்கரை சாயங்காலத்துக்குள் விரலில் ஒட்டும்.

குறை பெரும்பாலும் மண்டியில் தொடங்குவதில்லை, கொப்பரையில் தொடங்குகிறது. வெட்டி நாளான கரும்பிலும், புளித்த சாற்றிலும் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடும். அந்தச் சாற்றில் எவ்வளவு கைத்தேர்ச்சியோடு காய்ச்சினாலும் சர்க்கரை கசியும். சாற்றின் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புத் தெளிவு சேர்ப்பது இதற்காகத்தான். உருண்டை வெல்லத்துக்கான பாகு சுமார் 118 டிகிரி செல்சியஸில் இறக்கப்படுகிறது. தூளுக்கு அது 120 டிகிரி வரை போக வேண்டும். இரண்டு டிகிரிதானே என்று விறகைக் குறைத்தால், ஆறிய பாகு மணல்போல் உதிராமல் பிசுபிசுக்கும். தொட்டியில் கிளறித் தூளாக்கிய பின் சலித்து, கப்பியை நீக்கி, நிழலும் வெயிலுமாக உலர்த்துவது கடைசி வேலை. பல கொட்டகைகளில் அவசரத்தில் கைவிடப்படுவதும் இதுவே. இரண்டு சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கும்வரை உலர்ந்த தூள், காற்றுப் புகாத பாலித்தீன் பையிலோ புட்டியிலோ மழைக்காலத்தையும் தாண்டி இரண்டு வருடம் வரை நிற்கும் என்று கரும்பு ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2011 ஆம் ஆண்டின் இந்திய உணவுத் தர விதிகள் கெட்டி வெல்லத்துக்கு 10 சதவீத ஈரம் வரை விட்டுவைத்தன. விற்பதற்கு அந்த வரம்பு போதும், வைத்திருப்பதற்குப் போதாது.

நிறத்துக்காகச் சேர்க்கும் ஹைட்ரோஸும் இங்கே கணக்கில் வருகிறது. சோடியம் ஹைட்ரோசல்பைட் என்னும் இந்த ரசாயனம் பாகை வெளுக்கச் செய்து, தூளுக்குப் பொன்மஞ்சள் நிறம் தரும். அந்த வெளுப்பு நிலைப்பதில்லை. இருப்பில் நாளாக ஆக நிறம் மீண்டும் மங்கிக் கறுக்கிறது. உள்ளே தங்கும் கந்தக டைஆக்சைடு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியது. கரும்புப்பாலோடு அஸ்காவைக் கொட்டிக் காய்ச்சுவதும் சேலம் மாவட்டத்தில் பழைய நோய். உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஓமலூர் வட்டாரக் கொட்டகைகளில் சோதனையிட்டு அஸ்கா மூட்டைகளையும் ஹைட்ரோஸையும் பறிமுதல் செய்த செய்தி அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்துகொண்டே இருக்கிறது. வெளிறிய மஞ்சளை நல்ல சரக்கென்று வாங்குபவர் நினைக்கும்வரை இது ஓயாது. நன்றாகக் காய்ச்சிய நாட்டுச்சர்க்கரை அடர்ந்த பழுப்பாகத்தான் இருக்கும்.

மூட்டை கட்டும்போது செய்யும் தவறு ஒன்று பலருக்குத் தவறாகவே படுவதில்லை. சூடு ஆறாத தூளைக் கட்டிவிடுவார்கள். உள்ளே அடைபட்ட வெப்பம் நீராவியாகக் கிளம்பி, குளிர்ந்த ஓரங்களில் துளியாகப் படிந்து, அங்கேயே கட்டி தட்டும். முழுக்க ஆறிய பிறகே பைக்குப் போக வேண்டும். வெறும் கோணிப்பை ஈரத்தைத் தடுக்காது. உள்ளே தடித்த பாலித்தீன் உறை போட்டு, அதன் வாயை முறுக்கிக் கட்டிவிட்டு, பிறகு வெளிச் சாக்கைத் தைப்பதே பாதுகாப்பு. இரண்டு சதவீத ஈரத்தோடு உள்ள ஒரு 60 கிலோ மூட்டை ஐந்து சதவீதத்துக்குப் போனால் எடை ஏறத்தாழ 1.9 கிலோ கூடும். கூடிய எடை லாபம்போலத் தோன்றலாம். ஆனால் அந்த ஈரத்தில் சர்க்கரையைத் தின்று வாழும் ஈஸ்டுகள் விழித்துக்கொள்கின்றன; இனிப்பு மிகுந்த இடத்திலும் பிழைக்கத் தெரிந்த இனங்கள் அவை. பின்னால் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் மூட்டைகளுக்கு அந்த 1.9 கிலோ ஈடாகாது.

கிடங்கில் மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது. சிமென்ட் தரை கீழிருந்து ஈரத்தை மேலே இழுத்துக் கொடுக்கும். மரச்சட்டத்தின் மேல்தான் அடுக்க வேண்டும். சுவரை ஒட்டியும் அடுக்கக் கூடாது, ஆள் நடமாடும் அளவு இடைவெளி இருந்தால் எலி வளையும் சுவர்க் கசிவும் கண்ணில் படும். அடுக்கு உயர உயர அடிமூட்டைத் தூள் நசுங்கிப் பாறையாகிறது. மழைநாள் காலையில் கதவைத் திறந்து காற்றாட விடுவது நல்லது என்ற எண்ணம் இந்தச் சரக்குக்குப் பொருந்தாது. அப்போது மூடிவைத்து, வெயில் ஏறி வெளிக்காற்று உலர்ந்த பிற்பகலில் திறப்பதே சரி. லீ பஜார் போன்ற இடங்களில் ஒரே கிடங்கில் மஞ்சளும் மிளகாய் வற்றலும் சேர்ந்திருப்பது சகஜம். நாட்டுச்சர்க்கரை அந்த வாசனைகளை வாங்கிக்கொள்ளும், பூச்சிமருந்து நெடியையும் வாங்கிக்கொள்ளும். முதலில் வந்த மூட்டை முதலில் வெளியேற வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் வந்த தேதி எழுதியிருக்க வேண்டும்.

தூளில் இன்னொரு ஆபத்து உண்டு. தமிழ்நாட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. உலர்ந்த நுண்ணிய சர்க்கரைத் தூசி காற்றில் பரவி நிற்கும்போது ஒரு பொறி போதும், வெடிக்கும். ஒவ்வொரு துகளையும் சுற்றி ஆக்சிஜன் இருப்பதால் எல்லாம் ஒரே கணத்தில் எரிகின்றன. அடைத்த அறைக்குள் அந்த வெப்பக்காற்று விரிய இடமில்லாமல் சுவரைத் தள்ளுகிறது. 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரின் இம்பீரியல் சர்க்கரை ஆலையில் இப்படித்தான் நடந்தது. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். சேமிப்புக் கோபுரங்களுக்கு அடியில் ஓடிய கன்வேயர் பட்டையைச் சர்க்கரையில் அழுக்கு விழாமலிருக்க முந்தைய ஆண்டுதான் எஃகுத் தகடுகளால் மூடியிருந்தார்கள். தூசி வெளியேற வழியில்லாமல் அதற்குள்ளேயே செறிந்தது. சூடேறிய பேரிங் ஒன்று அதைப் பற்றவைத்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. முதல் வெடிப்பு சிறிய இடத்தில் நிகழ்ந்தது. உத்தரங்களிலும் தளங்களிலும் பல நாளாகப் படிந்துகிடந்த தூசியை அந்த அதிர்வு உதறிக் கிளப்ப, அடுத்தடுத்த வெடிப்புகள் ஆலை முழுவதும் பரவின. உயிர்ச்சேதத்தைப் பெரிதாக்கியது கூட்டாமல் விட்ட தூசி.

கிண்டிக் கிளறும் ஆலைக் கொட்டகையில் இந்த அபாயம் குறைவு. நாட்டுச்சர்க்கரை சற்று ஈரமும் பரும்படியுமானது, திறந்த வெளியில் காற்றும் உலவும். நன்கு உலர்த்தி இயந்திரத்தில் அரைத்துப் பாக்கெட் போடும் மூடிய கூடங்களிலும், கேக் கடைகளுக்கு அஸ்காவை மாவாக அரைக்கும் மில்களிலும் நிலைமை வேறு. சேலத்தின் ஜவ்வரிசி ஆலைகளில் பறக்கும் மரவள்ளி ஸ்டார்ச்சும் இதே குணமுள்ளதுதான். இங்கெல்லாம் தூசியைக் காற்றுக்குழாயால் ஊதி விரட்டுவது மிக மோசமான பழக்கம், படிந்து கிடந்ததை அது பறக்கவிடுகிறது. உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மெதுவாகக் கூட்டி அள்ள வேண்டும். விளக்கின் மேலும் மோட்டாரின் மேலும் படிந்த தூள் சூட்டில் கருகித் தீப்பிடிக்கும். இயந்திரங்களுக்கு எர்த் இணைப்பு அவசியம். பீடி, வெல்டிங் எதுவும் அருகில் ஆகாது. தூளில் தீப்பிடித்தால் வேகமாக நீரைப் பீய்ச்சக் கூடாது. தூசி எழும்பாதபடி மென்மையாகத் தெளித்தே அணைக்க வேண்டும். நாள் முழுக்க இந்தத் தூசியில் நிற்பவருக்கு மூக்கு, வாய் மறைக்கும் முகக்கவசம் கொடுப்பது முதலாளியின் கடமை. இனிப்புத் தூசியில் வேலை செய்பவர்களுக்குப் பல் சொத்தை மிகுவது நெடுங்காலமாக மருத்துவர்கள் அறிந்தது.

வீட்டில் விதிகள் எளியவை. மாதத்துக்கு வேண்டியதை வாங்கி, பெரும்பங்கை இறுகிய மூடியுள்ள கண்ணாடி ஜாடியிலோ எவர்சில்வர் டப்பாவிலோ அடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, தினப்படிக்குச் சிறிய டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அடிக்கடி திறப்பது சிறியதை மட்டுமே என்பதால் பெரியது உலர்ந்தே இருக்கும். அடுப்பை ஒட்டிய பலகை ஆகாது, கொதிக்கும் குழம்பின் ஆவி நேரே அதில் படும். ஈரக் கரண்டி ஆகாது. குளிர்பெட்டியும் வேண்டாம், வெளியே எடுத்தவுடன் டப்பாவின் உட்புறத்தில் நீர் வியர்க்கும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் கசிந்த சர்க்கரை களிம்பேறும். மற்ற பெட்டிகளோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போடக் கூடாது, அது உணவுக்கென்று செய்யப்பட்டதல்ல. பாக்கெட்டாக வாங்கினால் தயாரித்த தேதியும் 14 இலக்க உரிம எண்ணும் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கட்டி தட்டிய எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதில்லை. உலர்ந்த கட்டி, பழைய மணம், மாறாத சுவை என்றால் உடைத்துத் தாம்பாளத்தில் பரப்பி, மெல்லிய துணி மூடி வெயிலில் காயவைத்துச் சலித்துக்கொள்ளலாம். எறும்பு ஏறியதையும் வெயிலில் வைத்தால் எறும்பு போய்விடும். பிசுபிசுத்து, நுரைகட்டி, கள் வாடை அடித்தால் ஈஸ்ட் வேலை தொடங்கிவிட்டது. பச்சையாகவோ வெண்மையாகவோ பூஞ்சை தெரிந்தால் மேலே சுரண்டிவிட்டு அடியிலுள்ளதைப் பயன்படுத்துவதும் தகாது. எலி வாய்வைத்த மூட்டையைக் காய்ச்சி மீட்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு, அது மனிதர் உண்ணும் சரக்கல்ல.